நீக்கறவு

ஒரு சட்டத்தை ஒழிப்பதைச் சட்டத்தமிழ் ‘நீக்கறவு’ என்கிறது. நீக்கு, அறவு என்ற இரண்டின் கூட்டு இது. ‘அறு’ என்ற வேரில் பிறந்த அறவு, முற்றாக இல்லாமற்போவதைக் குறிக்கும். ஆனால் சட்டம் அற்றாலும் அதன்கீழ் இட்ட ஆணை உடனே அறுவதில்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தை நீக்கிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் 3ஆம் பிரிவைக் கொண்டே திருச்சி சிறப்பு முகாமில் இலங்கைத் தமிழர் பலர் அடைத்துவைக்கப்பட்டனர். சட்டம் நீக்கப்பட்டு மீண்டும் இயற்றப்பட்டால், புதியதற்கு முரண்படாத பழைய ஆணைகள் தொடரும் என்பது 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு.

எல்லா ஆணைகளும் ஒரே நாளில் செத்தால் நிர்வாகம் நிலைகுலையும் என்பது நியாயமான வாதமே. ஆயினும் தொடர்வது ஆணைதான். அடைத்துவைத்த காரணமும் தானாகத் தொடரும் என்று கொள்ள முடியாது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான காப்பு, குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று, அயல்நாட்டவருக்கும் உண்டு. ஆகவே சட்டம் மாறும்போது ஒவ்வொரு காவல் ஆணையையும் மறுஆய்வு செய்து, காரணம் நிலைக்காதவர்களை விடுவிப்பதே அரசின் கடமை.