நான்கு பக்கங்களில் பிறந்த சிகாகோ பாணி

1927 டிசம்பர் 8, 16 ஆகிய இரண்டு நாள்களில், சிகாகோவில் ஓக்கே ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காக ஏழு பேர் நான்கு பாட்டுகளை வாசித்துப் பதிந்தார்கள். 'சுகர்', 'சைனா பாய்', 'நோபடிஸ் ஸ்வீட்ஹார்ட்', 'லைசா'. பாட்டுக்குச் சுமார் மூன்று நிமிடம் என்று வைத்தால் மொத்தம் பன்னிரண்டு நிமிட இசை. ஏழு பேரில் மூத்தவர் பேஸ் வாசித்த ஜிம் லானிகன், வயது 25. இளையவர் டிரம்ஸ் வாசித்த ஜீன் குரூப்பா, வயது 18. மற்ற ஐவரும் இருபது முதல் இருபத்திரண்டு வயதுக்குள் இருந்தவர்கள். 'சிகாகோ பாணி' என்று பிற்பாடு உலகம் பெயர் வைத்த ஜாஸ், இந்தப் பன்னிரண்டு நிமிடங்களில்தான் முதன்முதலாக முழு உருவத்தோடு காதில் விழுகிறது.

ஜாஸுக்குச் சிகாகோ பிறந்த ஊர் அல்ல, வந்து சேர்ந்த ஊர். நியூ ஆர்லியன்ஸின் கருப்பினக் கலைஞர்கள் வளர்த்தெடுத்தது அது. தெற்கு மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி, தொழிற்சாலை வேலை தேடி, லட்சக்கணக்கான கருப்பின மக்கள் வடக்கே ரயிலேறிய காலம். இசையும் அவர்களோடு வந்தது. 31-வது தெருவில் லிங்கன் கார்டன்ஸ் என்ற நடன மண்டபத்தில் ஜோ ஆலிவரின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. 1922 ஆகஸ்டில் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அதில் வந்து சேர்ந்தார். அதே சமயம் நகரின் நடுப்பகுதியில் ஃப்ரையர்ஸ் இன் என்ற கேளிக்கை விடுதியில் 'நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ்' என்ற வெள்ளையர் குழு வாசித்தது.

மேற்குப் புறத்தில் ஆஸ்டின் உயர்நிலைப் பள்ளி. பள்ளி விட்டதும் பையன்கள் கூடும் இடம் 'ஸ்பூன் அண்ட் ஸ்ட்ரா' என்ற ஐஸ்கிரீம் கடை. அங்கே ஒரு கிராமபோன் இருந்தது. ஒருநாள் ரிதம் கிங்ஸ் குழுவின் இசைத்தட்டுகள் கையில் கிடைக்க, ஜிம்மி மக்பார்ட்லண்ட், அவர் அண்ணன் டிக், ஃபிராங்க் டெஷ்மாக்கர், பட் ஃப்ரீமன், லானிகன் ஐவரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். அன்றைக்கே ஒரு குழு அமைப்பது என்று முடிவாயிற்று. வயலின் பிடித்த கைகள் கார்னெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் மாறின. இருக்கும் வாத்தியங்களிலேயே பெரிய சத்தம் போடுவது என்பதால் கார்னெட்டை எடுத்தாராம் ஜிம்மி.

பாடம் படித்த விதம்தான் புதிது. முதலில் கிராமபோனின் சுருதிக்கு வாத்தியங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். தட்டைப் போட்டு நாலைந்து தாள அளவு (பார்) ஓடவிட்டு நிறுத்துவார்கள். அவரவர் தமக்கான சுரங்களைத் தேடிப் பிடித்து வாசித்துப் பார்த்ததும், மறுபடி ஊசி இறங்கும், அடுத்த நாலைந்து அளவு வரும். 'ஃபேர்வெல் ப்ளூஸ்' அவர்கள் இப்படிக் கற்ற முதல் பாட்டு. அதுவரை பெரும்பாலும் ஓர் இசைப் பாணி மனிதரிடமிருந்து மனிதருக்கு, ஒரே தெருவில், ஒரே வீட்டில் கைமாறி வந்தது. தட்டிலிருந்து ஜாஸ் கற்ற முதல் தலைமுறைகளில் ஒன்று இந்தப் பையன்கள். இவர்கள் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். தட்டு அலுத்துக்கொள்ளாமல் நூறு முறை சொல்லிக் கொடுத்தது. ஆனால் விரலை எப்படி வைப்பது, மூச்சை எங்கே விடுவது என்று அது காட்டவில்லை. அந்த இடங்களையெல்லாம் இவர்களே ஊகித்து நிரப்ப வேண்டியிருந்தது.

தட்டு மறைத்தது இன்னொன்றும் உண்டு. 1925 வரை ஒலிப்பதிவுக்குப் பெரும்பாலும் மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள், அந்த அதிர்விலேயே ஊசி மெழுகில் கோடு கீறும். பேஸ் டிரம்மை ஓங்கி மிதித்தால் ஊசி துள்ளிவிடும். 1923 ஏப்ரலில் ஆலிவர் குழு இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊருக்குப் போய் ஜெனட் நிறுவனத்தில் பதிந்தபோது, பேபி டாட்ஸ் என்ற மாபெரும் டிரம்ஸ் கலைஞர் பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டுவதோடு நிற்க வேண்டியதாயிற்று. தட்டை மட்டும் கேட்டவர்களுக்கு அந்தக் குழுவின் இதயத்துடிப்பு தெரியவே தெரியாது. சிகாகோ பையன்களுக்குத் தெரியும். லிங்கன் கார்டன்ஸுக்குப் போய் மேடைக்கு அருகே உட்கார்ந்து, டாட்ஸ் காலாலும் கையாலும் மண்டபத்தையே அசைப்பதைக் கேட்டவர்கள் அவர்கள்.

இடையில் இன்னொரு தாக்கமும் சேர்ந்தது. அயோவாவின் டேவன்போர்ட் ஊர்க்காரர் பிக்ஸ் பைடர்பெக். 'வுல்வரின்ஸ்' என்ற குழுவோடு 1924 பிப்ரவரியில் அதே ஜெனட் நிறுவனத்தில் முதல் தட்டுகளைப் பதிந்தபோது அவருக்கு வயது 20. மணி அடித்தாற்போல் சுத்தமான கார்னெட் நாதம் அவருடையது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிக்ஸ் குழுவை விட்டுப் போக, அவர் இடத்துக்கு வந்தவர் 17 வயது ஜிம்மி மக்பார்ட்லண்ட். வுல்வரின்ஸ் தட்டுகளை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்ததால், வந்த நாளே குழுவின் பாட்டுகள் அவருக்குத் தெரிந்திருந்தன. பிக்ஸே அவருக்கு ஒரு நல்ல கார்னெட்டைத் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் பதிவுக்கு வழி செய்தவர் ரெட் மக்கென்ஸி. முன்பு பந்தயக் குதிரை ஓட்டியவர். சீப்பின்மேல் காகிதத்தை வைத்து ஊதிப் பெயர் வாங்கியவர். பாஞ்சோ வாசித்த எடி காண்டனும் அவரும் சேர்ந்து குழுவைத் திரட்டினார்கள். தட்டில் 'மக்கென்ஸி அண்ட் காண்டன்ஸ் சிகாகோவன்ஸ்' என்றே பெயர். கார்னெட் மக்பார்ட்லண்ட், கிளாரினெட் டெஷ்மாக்கர், டெனர் சாக்ஸபோன் ஃப்ரீமன், பியானோ ஜோ சல்லிவன். டிரம்ஸுக்கு வழக்கமாக உட்காரும் டேவ் டஃப் ஐரோப்பா போயிருந்தார். அதனால்தான் குரூப்பாவுக்கு இடம் கிடைத்தது.

குரூப்பா தன் முழு டிரம்ஸையும் கொண்டுவந்து பரப்பினார். பதிவை மேற்பார்த்த டாமி ராக்வெல் திடுக்கிட்டார். பேஸ் டிரம்மும் டாம்-டாமும் மெழுகிலிருந்து ஊசியைத் தூக்கி எறிந்துவிடும், சிறு டிரம்மும் சிம்பலும் போதும் என்றார். பழியைத் தான் ஏற்பதாக மக்கென்ஸி வாதாடியதையும், கடைசியில் டிரம்ஸுக்குக் கீழே விரிப்புகளைப் போட்டு அதிர்வை அடக்கியதையும் காண்டன் தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். ஊசி துள்ளவில்லை. பேபி டாட்ஸிடம் கேட்டுப் பழகிய அந்த அடி, டாட்ஸுக்கே கிடைக்காத வசதியோடு தட்டில் ஏறியது.

'நோபடிஸ் ஸ்வீட்ஹார்ட்' பாட்டைக் கேளுங்கள். 32 அளவு கொண்ட மெட்டுதான் இந்த இசையில் ஆவர்த்தனம். அதன் மேல்தான் கற்பனை எல்லாம். நியூ ஆர்லியன்ஸ் குழுக்களில் கார்னெட் பாட்டை நடத்தும், கிளாரினெட் சுற்றிப் பின்னும், டிராம்போன் கீழே தாங்கும். இங்கே டிராம்போன் இல்லை. அதன் இடத்தில் ஃப்ரீமனின் டெனர் கரகரத்துக்கொண்டு குறுக்கே பாய்கிறது. முதல் எட்டு அளவு முடிகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாக வெடிக்கிறார்கள். நடுப்பகுதியில் சட்டென்று தணிந்து, தட்டித் தட்டி நடக்கிற தாளத்துக்கு மாறுகிறார்கள். சுற்று முடியும்போது மறுபடி பற்றி எரிகிறது. டெஷ்மாக்கரின் கிளாரினெட் அங்கங்கே சுருதி விலகிக் கீச்சிடுகிறது. குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது இந்தப் பதிவின் உயிராகவே படுகிறது. ஆலிவர் குழுவில் கிளாரினெட் வாசித்த ஜானி டாட்ஸின் பக்குவம் அவருக்கு எட்டவில்லை, எட்டாத இடத்தில் அவருடைய குரல் பிறந்துவிட்டது. ஆலிவர் குழுவின் நிதானம் இவர்களிடம் கிடையாது. இருக்கிற மூன்று நிமிடத்துக்குள் கேட்டதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்ற அவசரம், எங்கிருந்தோ கற்றதை இவர்களுடையதாக்கியது.

கற்றது யாரிடம் என்பதை இந்தக் கதையில் யாரும் விட்டுவிடக் கூடாது. சிகாகோவில் அன்று இசைக்கலைஞர் சங்கமே இரண்டு: வெள்ளையருக்குக் கிளை 10, கருப்பினத்தவருக்குக் கிளை 208. அவை ஒன்றானது 1966-இல்தான். ஆசிரியரும் மாணவரும் ஒரே ஒலிப்பதிவில் உட்காருவது அரிது. அப்படி ஓர் அரிய பதிவு: 1929 மார்ச்சில் நியூயார்க்கில் 'நாக்கின் எ ஜக்' பதிவானபோது, ஆம்ஸ்ட்ராங்கோடு பியானோவில் உட்கார்ந்தவர் ஜோ சல்லிவன்.

அதற்குள் குழுவில் பலர் நியூயார்க் போய்விட்டார்கள். சிகாகோவில் இரவு விடுதிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. புது ஊரிலும் வேலை சுலபமாகக் கிடைக்கவில்லை. ஊர் திரும்பிய டெஷ்மாக்கர் 1932-இல் கார் விபத்தில் இறந்தார், வயது 25. குரூப்பா பிற்பாடு பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து நாடறிந்த நட்சத்திரமானார்.

இதற்கிடையே 1930-களில் தட்டுகளைச் சேகரித்த ரசிகர்களும், பிரான்ஸின் ஊக் பனாசியே போன்ற விமர்சகர்களும் 'சிகாகோ பாணி' என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். யேல் பல்கலைக்கழக மாணவர் ஜார்ஜ் அவாக்கியன், அந்தப் பாணிக்கென்றே ஓர் இசைத்தட்டுத் தொகுப்பைப் புதிதாகப் பதிய வேண்டும் என்று டெக்கா நிறுவனத்தை இணங்க வைத்தார். 1939 ஆகஸ்டில் நியூயார்க்கில் காண்டன் தன் ஆள்களைக் கூட்டினார். டெஷ்மாக்கர் இடத்தில் பீ வீ ரஸல். 'நோபடிஸ் ஸ்வீட்ஹார்ட்' பாட்டை மறுபடி வாசித்தார்கள். இம்முறை டிரம்ஸில் இருந்தவர் டேவ் டஃப்.