60-இல் மட்டும் முனகும் ஜீப்: ஒரு சத்தத்தின் வரலாறு

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. 40 கிலோமீட்டர் வேகம் வரை வண்டி அமைதியாக ஓடும். 60-ஐத் தொட்டதும் காலுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். 75-ஐத் தாண்டினால் காணாமல் போய்விடும்! டயரை மாற்றிப் பார்ப்பார்கள், பிறகு பேரிங்கை மாற்றுவார்கள், கடைசியில் கியர் பாக்ஸையே இறக்கிவிடுவார்கள். ஒரு சின்ன உதிரி பாகத்தோடு முடிய வேண்டிய செலவு பெரிய பில்லாக வளர்வது இப்படித்தான்.

இந்த முனகலின் காரணம், மோட்டார் வண்டியே பிறக்காத 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

ஹூக் கண்ட கோளாறு

அவர் ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் விதியைப் படிக்கும்போது வரும் அதே ஹூக்தான். சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றி 1676இல் அவர் வெளியிட்ட நூலில் ஓர் இணைப்பை விவரித்தார். இரண்டு தண்டுகளின் முனையிலும் கவை போன்ற அமைப்பு, நடுவில் ஒரு சிலுவை. தண்டுகள் நேர்க்கோட்டில் இல்லாமல் சாய்ந்திருந்தாலும் ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றும். இன்று ஒர்க்‌ஷாப்பில் 'கிராஸ்' என்று கேட்டு வாங்குவது இந்தச் சிலுவையைத்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் தண்டு சீராகச் சுற்றினாலும் இரண்டாவது தண்டு சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். இரு தண்டுகளுக்கும் இடையே 30 டிகிரி சாய்வு இருந்து, முதல் தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், இரண்டாவது தண்டின் வேகம் 866-க்கும் 1155-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சாய்வு குறைந்தால் இந்த ஆட்டமும் குறையும்.

இதற்கு மருந்தும் எளிமையானதுதான். தண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வோர் இணைப்பு வைத்து, இரண்டின் சாய்வும் சமமாக இருக்கும்படியும், நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கும்படியும் பொருத்தினால், ஒன்று செய்யும் தவறை மற்றொன்று சரிக்கட்டிவிடும். இந்த 'சமமாக' என்ற சொல்லை மறந்துவிட்ட இடத்தில்தான் பாதி முனகல்கள் பிறக்கின்றன.

சங்கிலி போய் ஷாஃப்ட் வந்த கதை

ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் சக்கரத்தைச் சுற்றியது சைக்கிளில் இருப்பது போன்ற சங்கிலிதான். சத்தம் அதிகம், தூசி சேரும், அடிக்கடி எண்ணெய் போட வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர், ஹூக்கின் இணைப்பைக் காருக்கு ஏற்றபடி வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்றார். 1904இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டில் உற்பத்தி தொடங்கியது. சங்கிலி மெல்ல மெல்ல விடைபெற்றது. ஒரு பெரிய சத்தம் ஒழிந்து, அந்த இடத்தில் ஒரு சின்ன முனகல் வந்து உட்கார்ந்தது என்றும் சொல்லலாம்!

முன் சக்கரம் கொடுத்த தலைவலி

பின் சக்கரத்துக்கு விசை கொடுப்பது சுலபம். முன் சக்கரமோ சுற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தின் கிளின்டன்வில் ஊரைச் சேர்ந்த ஓட்டோ ஸாக்கோவும் வில்லியம் பெசர்டிக்கும் இதற்கு ஒரு வழி கண்டு 1908இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் சாதாரண ஹூக் இணைப்பை வைத்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் சாய்வு அதிகமாகும், சக்கரம் வெட்டி வெட்டிச் சுற்றும்.

எந்தச் சாய்விலும் ஒரே சீராகச் சுற்றும் இணைப்புகள் 1920களில்தான் வந்தன. பிரான்சில் ழான் ஆல்பர் கிரெகுவாரும் பியர் ஃபெனாயும் 'டிராக்டா' இணைப்பை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் செப்பா, எஃகுக் குண்டுகளை வைத்து ஓர் இணைப்பைச் செய்தார். கார்ல் வைஸ் செய்த இன்னொரு வகை 'பெண்டிக்ஸ்-வைஸ்' என்ற பெயரில் பரவியது. இரண்டாம் உலகப் போரில் ஜீப்புகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டபோது, ஒரே வகையை நம்பாமல் இந்த மூன்றையுமே முன் ஆக்சிலில் பயன்படுத்தினார்கள்.

போர்க்கால ஜீப்பில் இன்னொரு விஷயமும் இருந்தது. முன் சக்கரத்துக்கு விசை போகாதபடி லீவரைத் தள்ளினாலும், உருளும் சக்கரங்களே முன் ஷாஃப்டைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தேய்மானமும் சத்தமும்தான் மிச்சம். 1948இல் தொடங்கிய வார்ன் என்ற அமெரிக்க நிறுவனம், சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் 'லாக்கிங் ஹப்'களை இப்படிப்பட்ட ஜீப்புகளுக்குச் செய்து விற்றது. ஹப்பைத் திறந்துவிட்டால் முன் ஷாஃப்ட் ஓய்வெடுக்கும்.

வரலாறு சொல்லித்தரும் வைத்தியம்

இப்போது அந்த 60-ஆம் வேக முனகலுக்கு வரலாம். வில்லிஸ் ஜீப்பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்குச் சுமார் 7 முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4.88 என்பதால் ஷாஃப்ட் சுமார் 35 முறை சுற்றும். ஹூக்கின் கணக்குப்படி ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல், அதாவது வினாடிக்கு 70.

வினாடிக்கு 7 என்பது காதில் விழாது, உடம்பிலும் ஸ்டீயரிங்கிலும் ஆட்டமாகத் தெரியும். அப்படியானால் டயர், ரிம் பக்கம் பார்க்க வேண்டும். 35 என்றால் ஷாஃப்டின் எடை ஒரு பக்கம் கூடியிருக்கலாம், அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். 70 என்பது 'ம்ம்ம்' என்ற தடித்த முனகல். அப்போது இணைப்பையும் அதன் சாய்வையும் சந்தேகப்பட வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கேட்பதற்குக் காரணம் ஊஞ்சல் கணக்குதான். சரியான தாளத்தில் தள்ளினால்தான் ஊஞ்சல் உயரும். அந்த உதறலின் தாளம் வண்டியின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் மட்டும் சத்தம் பெரிதாகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் செய்யக்கூடிய சோதனைகள் சில:

அதே 60-இல் மூன்றாம் கியரிலும் டாப் கியரிலும் ஓட்டிப் பார்க்கலாம். எஞ்சின் சுற்று மாறியும் சத்தம் மாறவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான்.

ஹப்பைத் திறந்துவிட்டு ஓட்டும்போது சத்தம் நின்றால், குற்றவாளி முன் ஷாஃப்ட் அல்லது முன் டிஃபரன்ஷியல்.

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால், டிஃபரன்ஷியலின் கிரவுன், பினியன் பற்களைப் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது மட்டும் 'டிக் டிக்' என்றால் முன் சக்கரத்து இணைப்பு. கிளம்பும்போது 'டங்' என்றால் தேய்ந்துபோன கிராஸாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சமீபத்தில் வண்டியில் யாராவது கை வைத்தார்களா? ஷாஃப்டின் இரு பாதிகளைச் சேர்க்கும் இடத்தில் ஜீப்பில் அம்புக்குறிகள் உண்டு. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கவைகள் ஒரே தளத்தில் நிற்காது. பட்டை ஏற்றி வண்டியை உயர்த்தினாலும் சாய்வு மாறும். இரண்டு சந்தர்ப்பத்திலும் எந்தப் பாகமும் கெட்டிருக்காது, சமம் மட்டுமே கெட்டிருக்கும். புதுப் பாகம் எத்தனை வாங்கிப் போட்டாலும் முனகல் போகாது.

அலட்சியம் செய்யவும் கூடாது. தேய்ந்த கிராஸ் ஓடும்போது உடைந்தால், முன்பக்கம் கழன்ற ஷாஃப்ட் சாலையில் குத்தி வண்டியையே தூக்கி அடிக்கக்கூடும்.

மொத்தத்தில், ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் ஒரு பாகமும், அந்தப் பாகத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் செய்துகொண்ட சமரசமும் இருக்கின்றன. அந்தச் சமரசம் என்னவென்று தெரிந்தவருக்கு முதலில் காது வேலை செய்யும், ஸ்பேனர் அப்புறம்தான். பணப்பைக்கும் அதுவே நல்லது!