பனி தளரும் பருவம்

இமயத்தின் பனி என்றவுடன், கடுங்குளிர்காலமே அச்சத்திற்குரியது என நாம் எண்ணுகிறோம். மலைவாழ் மக்களின் அனுபவமோ வேறு. வானம் தெளிந்து வெயில் ஏறும் மாசி, பங்குனித் திங்கள்களையும் அவர்கள் அஞ்சியே கடந்து வந்துள்ளனர்.

குலுப் பள்ளத்தாக்கிற்கும் லாஹூலுக்கும் இடையே, ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் உள்ளது ரோதாங் கணவாய். முற்காலத்தில் இளவேனிலில் இதனைக் கடப்போர் விடியுமுன்பே புறப்படுவர். இரவுக் குளிரில் இறுகிய பனி காலையில் கல்லெனத் தாங்கும். வெயில் ஏறியபின் அதே பனி நெகிழ்ந்து சரியும். இது அவர்கள் தலைமுறைதோறும் கற்ற பாடம்.

இதன் காரணம் யாது? மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே திரளன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. கடுங்குளிரில் அடியடுக்குகள் சில சர்க்கரைபோல் உதிர்ந்து வலுவிழக்கின்றன. வேனில் வெயிலில் உருகிய நீர் உள்ளிறங்கும்போது அடுக்குகளின் பிடிப்பு மேலும் தளர்கிறது. அவ்வமயம் புதுப்பனியும் மிகுந்து பெய்யுமாயின், பளு தாங்காமல் பனி பெயர்ந்து வீழ்கிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகக் கொடியவை.

இவ்வறிவை முறையாக வளர்க்க, 1969-இல் மணாலியில் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. ஆயினும் 1979 மார்ச்சில் லாஹூலில் அடுத்தடுத்து வீழ்ந்த பனிச்சரிவுகள் 200-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டன. 2016 பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சினில் மதராஸ் படைப்பிரிவின் வீரர் பதின்மர் பனியில் புதையுண்டனர். ஆறு நாட்களுக்குப்பின் உயிருடன் மீட்கப்பட்ட ஒருவரும் பின்னர் உயிர்நீத்தார். அப்பதின்மரில் நால்வர் தமிழ்நாட்டினர் என்பதை நாம் மறக்கவொண்ணாது.

2020-இல் ரோதாங்கின் அடியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. கணவாயின் பனிக்குத் தப்பி லாஹூல் செல்ல வழி பிறந்தது. எனினும் எல்லா மலைப்பாதைகளுக்கும் அவ்வழி வாய்க்கவில்லை. 2025 பிப்ரவரி 28-ஆம் நாள், பத்ரிநாத்தை அடுத்த மாணாவில், எல்லைச் சாலையில் பணிபுரிந்த தொழிலாளர் 54 பேர் பனிச்சரிவில் சிக்கினர். 46 பேர் மீட்கப்பட்டனர், எண்மர் மாண்டனர். அத்தொழிலாளருள் பலர் நம்மைப்போலவே பிழைப்பு நாடிப் பிற மாநிலம் சென்றவர்கள். அப்பகுதிக்கு முந்திய நாளே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பனியின் இயல்பை அறிவதும், அதன் சீற்றத்தை ஓரளவு முன்னுணர்வதும் இன்று இயலும். ஆனால் எச்சரிக்கை மலைமேல் நிற்கும் மனிதனைக் காலத்தே எட்டவேண்டும். எட்டியபின் பணி நிறுத்தப்படவும் வேண்டும். வடபுலத்தில் வாழும் நம்மவர் விடுமுறைக்கோ தலயாத்திரைக்கோ மலையேறும்போது, பாதை மூடப்பட்டுள்ளது என்று சொன்னால் மறுபேச்சின்றித் திரும்புவோமாக. விடியுமுன் கணவாயைக் கடந்த முன்னோர், பனியோடு வழக்காடியதில்லை. அதன் வேளையறிந்து நடந்தனர்.