மணவாளக்குறிச்சி முதல் நீண்டகரை வரை: கதிர்மணலும் மரபணு ஆய்வின் வரலாறும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டிய பழவங்காடி இன்று கடைவீதிக்கும் பேருந்து நெரிசலுக்கும் பெயர்பெற்ற இடம். அங்குள்ள கணபதி சிலை பத்மநாபபுரத்துப் படைவீரர்கள் வழிபட்டது என்றும், திருவிதாங்கூரின் தலைநகர் மாறியபோது படையோடு வந்தது என்றும் கோயில் வரலாறு கூறுகிறது. பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை அதன் அரசியல் வரலாறு திருவனந்தபுரத்தோடு பிணைந்திருந்தது. அந்தப் பழைய நாட்டின் கடற்கரையில், தலைநகருக்குத் தெற்கே மணவாளக்குறிச்சியிலும், வடக்கே கொல்லத்தைக் கடந்து நீண்டகரை, சவறா பகுதியிலும் ஒரே வகை மணல் கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் மரபணு அறிவியல் தன் மிகக் கடினமான கேள்விகளுள் ஒன்றைக் கேட்க இந்த மணலைத் தேடி வந்தது. பெற்றோர் வாழும் நிலம் பிள்ளைகளின் மரபணுவை மாற்றுமா என்பதே அக்கேள்வி.

மணலின் கதை மரபணுவில் தொடங்கவில்லை, விளக்கில் தொடங்கியது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கிய வாயுவிளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டியிருந்தது. தோரியம் கொண்ட கனிமம் மோனசைட். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதை ஜெர்மானியரான ஷோம்பெர்க் 1909-இல் அடையாளம் கண்டார் என்று சொல்லப்படுகிறது. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை அடுத்து வந்தது. மின்விளக்கு பரவியபின் வலைத்திரியின் காலம் முடிந்தது. அணுசக்தியின் காலம் தொடங்கியதும் அதே தோரியம் வேறொரு மதிப்பைப் பெற்றது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது.

மணலை எடுத்தவர்கள் வந்தார்கள், போனார்கள். மணலின்மேல் வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள். தோரியம்-232 பாதியாகச் சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அதன் வழித்தோன்றல் தனிமங்கள் காமாக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. கருநாகப்பள்ளிக் கடலோர ஊராட்சிகளில் திறந்தவெளிக் கதிர்வீச்சின் இடைநிலை அளவு ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கும் மேல். சில இடங்களில் அது 70 மில்லிகிரேவரை செல்கிறது. தரையிலிருந்து வரும் காமாக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு அரை மில்லிகிரே அளவே என்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும்.

கதிர்வீச்சு மரபணுவைத் தாக்கும் என்பது 1927-இல் நிறுவப்பட்டது. பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்திய ஹெர்மன் முல்லர், அவற்றின் சந்ததியில் சடுதிமாற்றங்கள் பன்மடங்கு பெருகுவதைக் காட்டினார். ஆயினும் ஆய்வகத்தில் ஈக்கள் பெற்றது சிறுபொழுதில் செலுத்தப்பட்ட மிகுந்த அளவு. ஹிரோஷிமா, நாகசாகி மக்கள் பெற்றதும் ஒரு நொடியின் அளவே. சிறிய அளவு, வாழ்நாள் முழுதும், பல தலைமுறையாக என்னும் நிலைக்கு அவ்விரண்டும் விடை தரவில்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த நிலப்பகுதிகளில் மனித மரபை ஆராய்வது குறித்து அறிக்கை வெளியிட்டது. கேரளக் கடற்கரையின்மேல் அறிவுலகின் கவனம் திரும்பியது.

முதலில் எண்ணப்பட்டவர்கள் மனிதர்கள் அல்லர், எலிகள். நாஜி ஆட்சி தொடங்கியதும் ஜெர்மனியை விட்டு வெளியேறி லண்டனில் பணியாற்றிய மரபியலாளர் ஹான்ஸ் குரூன்பெர்க் தம் குழுவினருடன் இக்கரையின் வீட்டெலிகளை ஆராய்ந்தார். தேர்வு காரணத்தோடு செய்யப்பட்டது. எலி மண்ணை ஒட்டி வாழ்வது, தொலைவு செல்லாதது, மனிதரின் ஒரு தலைமுறைக்குள் பல தலைமுறைகளைக் கடந்துவிடுவது. மணற்கரையின் எலிகளையும் அதற்கு வெளியே பிடிபட்ட எலிகளையும் எலும்பாலும் பல்லாலும் ஒப்பிட்டார்கள். கதிர்வீச்சின் விளைவு என்று உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. முடிவுகள் 1960-களின் நடுவில் வெளியாயின.

பத்தாண்டு கழித்து எதிர்த்திசையில் ஒரு செய்தி வந்தது. டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த கொச்சுப்பிள்ளை, வர்மா, ராமலிங்கசாமி உள்ளிட்டோர் 1976-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. மணற்பகுதியில் 12,918 பேரிடையே 12 பேருக்கு டவுன் நோய்க்குறி இருந்தது. ஒப்பீட்டுப் பகுதியில் 5,938 பேரிடையே ஒருவருக்கும் இல்லை. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வருவது டவுன் நோய்க்குறி. இனச்செல் உருவாகும்போது குரோமோசோம் இணை சரியாகப் பிரியாமல் போவதே பெரும்பாலும் அதன் காரணம். தாயின் வயது கூடக்கூட அது நிகழும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே இரு பகுதித் தாய்மாரின் வயதும் சரியாக ஒப்பிடப்பட்டதா என்ற வினா எழுந்தது. ஒப்பீட்டுப் பகுதியின் சுழியமும் ஐயத்துக்குள்ளானது. உலகெங்கும் காணப்படும் ஒரு நிலை அங்கு மட்டும் அறவே இல்லை என்றால், அங்கே எண்ணியதில் விடுபாடு இருக்கலாம் என்றார்கள் எதிர்வாதிகள். 12 என்னும் எண்ணைவிட 0 என்னும் எண்ணே விவாதத்தின் மையமாயிற்று.

இதற்கு ஒரே மறுமொழி பெரிய எண்ணிக்கை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 1995 முதல் இப்பகுதி மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளைத் தொடர்ந்து பரிசோதித்தனர். 1999-இல் வெளியான முதற்கட்ட முடிவு 36,805 குழந்தைகளைப் பற்றியது. பின்னர் அக்கணக்கு 1,40,000-ஐத் தாண்டியது. பிறவிக் குறைகளோ இறந்து பிறத்தலோ மணற்பகுதியில் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. பிறந்த குழந்தைகளின் குரோமோசோம்களைப் பார்த்த இணை ஆய்விலும் அத்தகைய வேறுபாடு இல்லை.

திருவனந்தபுரத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையம் வேறொரு வாயிலைத் திறந்தது. 1990-களில் கருநாகப்பள்ளியின் 3,85,103 குடிமக்களும் பதிவுசெய்யப்பட்டனர். வீட்டுக்கு உள்ளும் வெளியும் கதிர்வீச்சு அளக்கப்பட்டது. அவர்களுள் 30 முதல் 84 வயதுவரையான 69,958 பேர் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடரப்பட்டனர். 2005 இறுதிவரை 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பீடிப் பழக்கம் உள்ளிட்ட பிற காரணிகளைக் கணக்கில் கொண்டபின், மணலின் கதிர்வீச்சால் கூடுதல் இடர் தெரியவில்லை என 2009-இல் அறிவிக்கப்பட்டது. இதனோடு சேர்த்து நினைக்க வேண்டியது ஒன்று உண்டு. இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த நிலங்களில் வாழ்வோரின் இரத்த வெள்ளணுக்களில் குரோமோசோம் பிறழ்ச்சிகள் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அவை உடற்செல்லில் நிகழ்பவை. அந்த மனிதரோடு முடிந்துவிடும். மரபில் இறங்குவது இனச்செல்லில் நிகழும் மாற்றம் மட்டுமே.

அந்த இறக்கத்தை நேரடியாகப் பார்த்தது 2002-இல் வெளியான ஆய்வு. லூசி ஃபார்ஸ்டர், பீட்டர் ஃபார்ஸ்டர் உள்ளிட்டோர் மணற்பகுதியிலும் அருகிலுள்ள கதிர்வீச்சு குறைந்த தீவுகளிலும் 248 குடும்பவழிகளைச் சேர்ந்த 988 பேரின் மைட்டோகாண்டிரிய டிஎன்ஏவை ஆராய்ந்தனர். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்கென 16,569 எழுத்து நீளமுள்ள தனி டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. மருமகன்வழி அரியணை இறங்கிய திருவிதாங்கூருக்குத் தாய்வழி என்பது புதிய சொல் அன்று. எனினும் மருமக்கத்தாயம் வழக்கத்தால் அமைந்தது, 1975-இன் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டத்தால் முடிந்தது. செல்லின் தாய்வழியோ எச்சாதிக்கும் எச்சமயத்துக்கும் பொது. தாயின் எழுத்துவரிசையையும் பிள்ளையின் எழுத்துவரிசையையும் பக்கத்தில் வைத்தால், இடையில் மாறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும். மணற்பகுதிக் குடும்பங்களில் இத்தகைய மாற்றங்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தன. மேலும், அவை மனம்போன இடங்களில் நிகழவில்லை. குறைந்தது 60,000 ஆண்டுகளாக மனித இனத்தில் எந்த இடங்கள் மாறிவந்தனவோ அதே இடங்களில் விரைவாக நிகழ்ந்திருந்தன.

இப்போது இரு முடிவுகள் எதிரெதிரே நிற்பதுபோலத் தோன்றும். எழுத்து மாறியிருக்கிறது என்கிறது ஒன்று. குழந்தைகளிடம் குறை கூடவில்லை என்கிறது மற்றொன்று. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் அச்சம் பிறக்கும். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் கவலையற்ற உறுதி பிறக்கும். இரண்டுமே பிழையான வாசிப்பு.

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இதை விளக்குவது எளிது. புணர்ச்சியில் எழுத்து அடையும் மாற்றத்தை நன்னூல் மரபு தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கிறது. டிஎன்ஏவில் ஓரெழுத்து புதிதாகச் சேர்வதும், ஒன்று மற்றொன்றாக மாறுவதும், ஒன்று மறைவதும் ஆகிய சடுதிமாற்ற வகைகள் இம்மூன்றோடு பொருந்துகின்றன. அதே இலக்கணம் போலி என்ற ஒன்றையும் கூறுகிறது. முகம் முகன் ஆகிறது, பந்தல் பந்தர் ஆகிறது. எழுத்து மாறியும் பொருள் மாறுவதில்லை. மரபணுவிலும் பெரும்பாலான மாற்றங்கள் போலிகளே. மைட்டோகாண்டிரிய டிஎன்ஏவில் அடிக்கடி மாறும் இடங்கள் மிகுந்த பகுதி எந்தப் புரதத்துக்கும் குறியீடு தருவதில்லை. புரதத்துக்குக் குறியீடு தரும் பகுதியிலும், வேறு மூவெழுத்து அதே அமினோ அமிலத்தைத் தரும்போது விளைவு மாறாது. குரோமோசோம் மரபணுக்களில் இன்னொரு காப்பும் உண்டு. தாய் தந்த படியில் பிழை நேர்ந்தாலும், தந்தை தந்த படி சரியாக இருந்தால் பல பிழைகள் வெளிப்படாமல் இருந்துவிடும். ஒடுங்கு பண்பு எனப்படுவது இதுவே.

ஆனால் ஒடுங்குவது அழிவதன்று. அது அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்பட்டு, அதே பிழையுள்ள இன்னொரு படியைச் சந்திக்கும் நாளில் வெளிப்படும். ஆகவே பிறந்த குழந்தையின் உடலை மட்டும் பார்க்கும் கணக்கெடுப்பு, எத்தனை பெரிதாயினும், வெளிப்பட்டதை மட்டுமே எண்ணுகிறது. எழுத்துவரிசையைப் பார்க்கும் ஆய்வு, எத்தனை நுட்பமாயினும், மாறியதை எண்ணுகிறதேயன்றி அம்மாற்றத்தின் பொருளை எண்ணவில்லை. எலியின் எலும்பு, குழந்தையின் உடல், குரோமோசோமின் வடிவம், டிஎன்ஏவின் எழுத்து என்று அரை நூற்றாண்டாக எண்ணப்பட்ட பொருள் மாறிக்கொண்டே வந்தது. விடைகள் வேறுபட்டதற்கு மணல் காரணமன்று. கேள்விகள் வேறுபட்டிருந்தன.

இந்த வேறுபாடு வகுப்பறையோடு நிற்பதில்லை. மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் மணல் அகழ்வு இன்றும் அரசியல் பொருள். மணல் எடுக்கும் இந்திய அருமண் நிறுவனமும், குழந்தைகளைப் பரிசோதித்த பாபா மையமும் நடுவணரசின் ஒரே அணுசக்தித் துறையின்கீழ் இயங்குபவை. அதனால் மட்டும் எண்கள் பொய்யாகிவிடா. ஆயினும் எண்ணுவோர் பலராக இருக்க வேண்டியதன் தேவையை அது கூட்டுகிறது. அகழ்வை எதிர்ப்போர் சடுதிமாற்றத்தைப் பிறவிக்குறை என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆதரிப்போர் பிறவிக்குறை கூடவில்லை என்பதை மாற்றமே இல்லை என்று மொழிபெயர்க்கிறார்கள். இரு மொழிபெயர்ப்புக்கும் நடுவில் நிற்பவர்கள் இரத்தம் தந்தவர்களும், தம் வீட்டில் கருவியை வைக்க இசைந்தவர்களும், பிறந்த குழந்தையைப் பரிசோதிக்கக் கொடுத்த தாய்மாரும் ஆவர். அவர்கள் கேட்பது மரபணு மாறியதா என்பதையன்று, பிள்ளைக்குத் தீங்கா என்பதையே. இதுவரை எண்ணப்பட்ட அளவில் தீங்கு கூடியதாகத் தெரியவில்லை என்பதும், எழுத்து விரைவாக மாறுவது காணப்பட்டிருக்கிறது என்பதும், அம்மாற்றத்தின் பொருளை இனிவரும் தலைமுறைகளில் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதும் சேர்ந்ததே அவர்களுக்கான நேர்மையான விடை.

தமிழில் இத்துறைக்கு மரபியல் என்று பெயர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலும் அதே பெயருடையது. உயிர்களின் இளமை, ஆண், பெண் பெயர்களையும், ஓரறிவு முதல் ஆறறிவுவரையான பகுப்பையும் பேசுவது அது. அங்கே மரபு என்பது சொல்லை வழங்கிவந்தபடியே வழங்குவது. இங்கே மரபு என்பது மாறியதையும் உள்ளடக்கி அடுத்தவருக்குக் கொடுப்பது. மணவாளக்குறிச்சியிலிருந்து நீண்டகரைவரையான கரையின் அறிவியல் வரலாறு இந்த இரண்டாம் பொருளையே கற்பிக்கிறது.