சித்திரையும் சீனரின் கொம்பும்

மலாக்கா நகரில் 1781-ஆம் ஆண்டு எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயமும், அதனினும் மூத்த செங் ஹூன் தெங் சீன ஆலயமும் ஒரே தெருத்தொடரில் நிற்கின்றன. இரு சாராரின் பஞ்சாங்கங்களிலும் ஒரே விண்மீன் இடம்பெற்றிருப்பதை அறிந்தவர் சிலரே.

நமது 27 நட்சத்திரங்களுள் 14-ஆவது சித்திரை. முழுமதி அதனருகே நிற்கும் மாதமும் அப்பெயரே பெற்றது. சீனரோ வான்வழியை 28 மனைகளாக வகுத்தனர். முதல் மனையின் பெயர் 'ஜியாவ்'. கொம்பு என்பது பொருள். அம்மனை தொடங்கும் விண்மீன் நமது சித்திரையேயாம்!

கீழ்த்திசைக்குரிய டிராகனின் கொம்பாக அதனைச் சீனர் கண்டனர். இளவேனில் மாலையில் அது கிழக்கே எழுவதை, டிராகன் தலைதூக்குவதாகக் கொண்டு உழவுக்குக் காலம் கணித்தனர். வீடு கட்டவும் மணம் முடிக்கவும் கொம்பு மனை நன்று, அடக்கத்திற்கு ஆகாது என்பது அவர்தம் சோதிடம்.

இக்கணக்கு மிகப் பழையது. ஹூபே மாநிலத்தில் 1978-இல் அகழப்பெற்ற, கி.மு. 433 அளவினதான சிற்றரசர் ஒருவரின் கல்லறையில் கிடைத்த அரக்குப் பெட்டியின் மூடியில் 28 மனைப் பெயர்களும் காணப்படுகின்றன. இந்தியாவிலும், மேகநாத சாகா தலைமையிலான பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955-இல் அளித்த அறிக்கை, இராசி மண்டலத்தை அளக்கச் சித்திரையையே அடையாளமாகக் கொண்டது.

"ஐயா, அது நம்முடையதா, சீனருடையதா?" என்று தோட்டப் பிள்ளைகள் வினவுவர். அதன் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆகின்றன. விநாயகர் ஆலயம் எழுந்த காலத்தையொட்டிப் புறப்பட்ட ஒளியை இன்று காண்கிறோம். அது எவருக்கென்றும் புறப்பட்டதன்று.

வரும் சித்திரைப் பௌர்ணமி இரவில், பெற்றோரே, அண்டை வீட்டுச் சீனப் பிள்ளையையும் அழைத்து, நிலவருகே அதனைக் காட்டுங்கள்.