சுகாதாரத் தகவல் தொழில்நுட்பப் பட்டதாரிகளின் உத்தியோகங்கள்: சிங்கப்பூர்

நோயாளியைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, காத்து, வேண்டிய வேளையில் சிகிச்சை அளிப்போரின் பார்வைக்குக் கொண்டுவரும் துறை சுகாதாரத் தகவல் தொழில்நுட்பமாகும். இதில் பட்டம் பெற்றோருக்குச் சிங்கப்பூரில் அமையும் உத்தியோகங்கள், ஒரு மருத்துவப் பதிவேடு கடந்து செல்லும் கட்டங்களை ஒட்டியே பிரிந்து நிற்கின்றன.

தோற்றம்: அரசாங்க மருத்துவமனைகளின் கணினிப் பணிகளை ஒருமுகப்படுத்த 2008இல் நிறுவப்பட்ட ஐ.எச்.ஐ.எஸ். என்னும் ஸ்தாபனம் 2023 முதல் சினாப்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. 2011இல் தொடங்கிய தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டின் பயனாக, லிட்டில் இந்தியாவை அடுத்த கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையில் ஒருவர் பெற்ற சிகிச்சையின் சாரத்தை, வேறொரு நிர்வாகக் குழுமத்தைச் சேர்ந்த டான் டோக் செங் மருத்துவமனையின் மருத்துவரும் அறிய இயலுகிறது.

பணி வகைகள்: நோய்களையும் சிகிச்சைகளையும் சர்வதேச வகைப்பாட்டு எண்களாகக் குறிப்பவர் மருத்துவக் குறியீட்டாளர், நாட்டின் நோய்ப் புள்ளிவிவரங்கள் பெரிதும் அவருடைய நுட்பத்தைச் சார்ந்தவை. தாதிமை, மருந்தியல் ஆகிய துறைகளின் அனுபவத்தோடு வருவோர் மருத்துவத் தகவலியல் வல்லுநராகி, மருந்து ஒவ்வாமையை முன்கூட்டி எச்சரிக்கும் கணினி முறைகளை வகுக்கின்றனர். வெவ்வேறு மருத்துவமனைகளின் கணினிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள வழிசெய்பவர் ஒருங்கிணைப்புப் பொறியாளர். குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரோடு வழங்கும் தமிழ்ப் பெயர்கள் பலவும் ஒன்றுபோல் அமையக்கூடுமாதலால், அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பதிவுகளைப் பிழையின்றி இணைப்பது அவரது பிரதான கடமைகளுள் ஒன்றாகும். குடியிருப்பாளர்களைக் குடும்ப மருத்துவர்களோடு இணைக்கும் 'ஹெல்த்தியர் எஸ்ஜி' திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியபின், நோய்த்தடுப்புக்குரிய தரவுகளை ஆராயும் பகுப்பாய்வாளரின் தேவையும் விரிந்துள்ளது.

பாதுகாப்புப் பணி: 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, அரசாங்க மருத்துவமனைக் குழுமங்களுள் ஒன்றான சிங்ஹெல்த்தின் கணினிகளுள் ஊடுருவியோர் சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் சுயவிவரங்களைக் கவர்ந்தனர். அவர்களுள் சுமார் 160,000 பேரின் வெளிநோயாளி மருந்துக் குறிப்புகளும் களவாடப்பட்டன. வழக்கத்துக்கு மாறான தேடல்களைக் கண்ணுற்றுத் தடுத்தவர்கள், அக்கணினிகளைப் பராமரித்த ஐ.எச்.ஐ.எஸ். ஊழியர்களே. ஆயினும், ஊழியரின் விழிப்புணர்வும் பயிற்சியும் போதாமையை 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை சுட்டியது. தனிமனிதத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஐ.எச்.ஐ.எஸ்.ஸுக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. தகவல் பாதுகாப்பு, தணிக்கை ஆகிய உத்தியோகங்களின் இன்றியமையாமையை இந்நிகழ்ச்சி ஐயமின்றி நிலைநாட்டியது.

தகுதி: பகுப்பாய்வாளராகச் சேரும் பட்டதாரி, அனுபவம் முதிர முதிரத் திட்ட மேலாளராகவும், கணினி அமைப்பு வடிவமைப்பாளராகவும் உயரலாம். கணினி அறிவைப் பயிற்சியால் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் தன் திரையில் தோன்றும் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரின் அந்தரங்கம் என்ற உணர்வும், அதனைப் பணியின் தேவைக்கு அப்பால் நோக்காத நேர்மையும் முதல்நாளிலேயே அவரிடம் இருத்தல் வேண்டும். மருத்துவரிடம் நோயாளி மனந்திறந்து உரைக்கும் நம்பிக்கை, முகமறியாத இவ்வூழியர்களின் நாணயத்தையும் ஆதாரமாகக் கொண்டது.