கண் சொன்ன உவமையும் கைகண்ட மருந்தும்

முகத்துவாரம் என்ற பெயரே உடம்பிலிருந்து வந்தது. களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்கு முகத்தைப் பெயராக வைத்தார்கள். ஆற்றுக்கு வாய், மலைக்கு அடி, குடத்துக்குக் கழுத்து, ஊசிக்குக் காது என்று கண்டதையெல்லாம் உடம்பாகப் பார்ப்பது மொழியின் இயல்பு. அப்படிப் பெயர் வைத்தவர்கள் ஆற்றுவாய் நீரை வாய்ப்புண்ணுக்கு மருந்தாக்கிவிடவில்லை. உவமை வேறு, காரணம் வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றோ, மூளையைப் போலிருப்பதால் அக்ரூட் மூளைக்கு நல்லது, வட்டமாக அரிந்த கரட் கண்ணைப் போலிருப்பதால் கண்ணுக்கு நல்லது என்ற பேச்சு, முன்னோர் அறிவு என்ற பெயரோடு கொழும்பு வீடுகளில் உலவுகிறது. அந்தப் பேச்சு நம் முன்னோருடையது அல்ல. நம்மிடம் வழங்கும் ஒற்றுமைகளும் மருந்தைக் கண்டுபிடித்த வழி அல்ல. கண்டுபிடித்ததை மறக்காமலிருக்க முந்தானையில் போட்ட முடிச்சு.

வல்லாரையையே எடுத்துக்கொள்வோம். முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் மரக்கறிக் கடைகளில் தண்ணீர் தெளித்துக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் கீரை அது. பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து, தேசிக்காய் பிழிந்தால் சம்பல். ஒரு இலையைக் கையில் வைத்துப் பாருங்கள். காம்பு சேரும் இடத்தில் ஆழமான வெட்டு, ஓரத்தில் மழுங்கிய பற்கள், அடியிலிருந்து விசிறியாக விரியும் நரம்புகள். இது மூளையின் பாதியைப் போலிருக்கிறது, அதனால்தான் நினைவாற்றலுக்கு உகந்தது என்பார்கள். ஆனால் சிங்களவர் இதே இலையில் கூம்பைக் கண்டு கொட்டுகொல என்றார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைச் சேர்த்த பேரினத்தின் பெயரான ஹைட்ரோகொட்டைல், நீர்க்கிண்ணம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. தாவரவியல் நூல்களோ இலையின் வடிவத்தைச் சிறுநீரக வடிவம் என்றே வர்ணிக்கின்றன. கூம்பு, கிண்ணம், சிறுநீரகம், மூளை என்று ஒரே இலைக்கு நான்கு உருவங்கள். வடிவம்தான் வழிகாட்டியது என்றால் வல்லாரை சிறுநீரக மருந்தாகியிருக்க வேண்டும். அது புத்திக்கு நல்லது என்று முதலில் கேட்டவனின் கண்தான் பிறகு அதில் மூளையைப் பார்க்கிறது.

உருவமே மருந்தின் முத்திரை என்பதை ஒரு கோட்பாடாக வளர்த்தது ஐரோப்பா. பதினாறாம் நூற்றாண்டில் மருத்துவர் பரசெல்சஸ் அதை வலியுறுத்தினார். 1588இல் நேப்பிள்ஸ்காரரான போர்ட்டா அதற்கென்றே படங்களோடு நூல் எழுதினார். அக்ரூட்டில் தலையின் முழு அடையாளமும் இருப்பதாக 1657இல் எழுதியவர் இங்கிலாந்தின் வில்லியம் கோல். மனிதனுக்கு உதவக் கடவுள் ஒவ்வொரு செடியிலும் அடையாளம் இட்டிருக்கிறார் என்பது அந்தக் கோட்பாட்டின் அடிப்படை. நம் சித்த மருத்துவமோ ஒரு பொருளின் செயலைச் சுவை, குணம், வீரியம், பிரிவு என்பவற்றால் அளக்கிறது. அந்த அளவுகோல்களில் வடிவத்துக்கு இடமில்லை. நாக்கால் அறிந்த மருத்துவத்தைக் கண்ணால் அறிந்ததாக மாற்றிச் சொல்வது அதற்குப் பெருமை சேர்ப்பதாகாது.

இங்கே ஒருவர் பிரண்டையைக் காட்டி மறுக்கலாம். கணுக்கணுவாக, மூட்டு மூட்டாக வளரும் கொடி. வடமொழியில் அதன் பெயரே எலும்பைச் சேர்ப்பது என்று பொருள்படும் அஸ்திசம்ஹாரி. 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் செய்த விலங்குச் சோதனைகளில் பிரண்டை கொடுத்தபோது முறிந்த எலும்பு விரைவாகக் கூடியது. வலுவான மறுப்புத்தான். ஆனால் கணு உள்ள செடி பிரண்டை மட்டுமல்ல. மூங்கிலுக்கும் கரும்புக்கும் அறுகுக்கும் கணு உண்டு, அவை எலும்புமுறிவு மருந்தாகப் பெயர் பெறவில்லை. பிரண்டையோ நான்கு பட்டையாக இருப்பது. நம் உடம்பில் அப்படி ஓர் எலும்பு இல்லை. கையில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு நார் உரித்து, அரிப்பு அடங்கப் புளி சேர்த்து, துவையலாக அரைத்து உண்டவர்கள் பசிக்கும் செரிமானத்துக்கும் அதை நாடினார்கள். கணுவில் வயிற்றின் சாயல் எங்கே? பலித்த ஒன்றை எண்ணுகிறவர்கள் பலிக்காத நூற்றை எண்ணாமல் விடுகிறார்கள்.

முகத்துவாரம் மீன்பிடித் துறையாயிற்றே. கடலிலிருந்தும் ஒரு சான்று தரலாம். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கப் பால்சுறா கொடுப்பது தமிழர் வழக்கம். அந்தச் சுறாவுக்கு ஆங்கிலப் பெயர் வந்ததும் இந்தியக் கரையின் இந்த நம்பிக்கையிலிருந்துதான். சுறாவின் உருவத்தில் முலையின் சாயல் எதுவும் இல்லை. அவித்துத் தோல் நீக்கி உதிர்த்து, மஞ்சள், மிளகு, சீரகம், உள்ளி, தேங்காய்ப்பூவோடு வறையாக்கினால், முள் தொல்லை இல்லாத, புரதம் நிறைந்த, களைத்த உடம்பு தாங்கும் கறி. பால் என்ற பெயர் அந்தக் கறியைத் தாயிடமிருந்து மகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2007இல் தாவரவியலாளர் பிராட்லி பென்னட்டும் செடிகளின் அடையாளங்களைப் பற்றி இதையே வாதிட்டார்: அறிவைக் கண்டுபிடிக்க அல்ல, பரப்பவே அவை உதவின.

நினைவுக்குறிப்பாக இருந்தால் என்ன, காரணமாக நம்பினால்தான் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெட்டதுண்டு. ஈசுரமூலியின் இனமான அரிஸ்டோலோக்கியாவின் பூவில் ஐரோப்பியர் கருப்பையைக் கண்டார்கள். நல்ல பிரசவம் என்று பொருள்படும் பெயரிட்டு, பேறுகாலப் பெண்களுக்கு நூற்றாண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். அந்த இனத்தின் நச்சு பிறகுதான் வெளிப்பட்டது: உடல் மெலிய மூலிகை உண்ட பிரஸல்ஸ் பெண்களின் சிறுநீரகங்கள் அழிந்ததை 1993இல் பெல்ஜிய மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மருந்தில் கலந்திருந்தது அரிஸ்டோலோக்கியாவின் ஒரு வகை. அதன் அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இன்று உறுதியாகியிருக்கிறது. இப்போது ராஜ்மா விதையைச் சிறுநீரக வடிவம் என்பதற்காகவே சிறுநீரக நோயாளியின் தட்டில் வைக்கிறார்கள். அந்த விதையில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவரின் இரத்தத்தில் அது தேங்கினால் நிற்கக்கூடியது இதயத் துடிப்பு.